அம்புக்குறி போட்ட ஃபோல்டர்

தொலைபேசியில் அப்பா முதலில் நலம் விசாரிப்பார். பிறகு அங்கே மழை உண்டா என்று கேட்பார். அதன் பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்வார். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவரின் ஒழுங்கு அது. 2022 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஒழுங்கு தவறியது. எடுத்த எடுப்பிலேயே, "வந்துவிட்டதப்பா" என்றார்.

யார் வந்தது என்று நான் கேட்கவில்லை. சித்திரையிலிருந்து அப்பாவின் கணினிக்கு அந்த வைரஸின் நான்காவது வருகை அது.

அப்பா மயிலாடுதுறையில் இருக்கிறார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து காவிரிப் பாசனப் பகுதியின் உழவுச் சொற்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறார். பரம்பு, அண்டை, பொலி, தாளடி, கண்டுமுதல் என்று ஆறாயிரத்துச் சொச்சம் சொற்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் ஒரு ஃபோல்டர். ஃபோல்டரின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பார். தமிழில் வைத்தால் ஜெராக்ஸ் கடைக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்பது அவர் அனுபவம். தாளில் பார்த்தால்தான் பிழை கண்ணில் படும் என்பதால், வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்துபோய்ப் பிரின்ட் எடுத்து வருவார். வீட்டிலேயே எடுக்கட்டும் என்று ஒரு பிரின்டர் வாங்கிக் கொடுத்தேன். "இது குடிக்கிற மைக்கு ஒரு பசுமாட்டை வளர்க்கலாம்" என்று சொல்லி அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்துவிட்டார்.

வந்தது எப்படியிருக்கும் என்றால், பென் டிரைவைத் திறந்தால் 'க' ஃபோல்டர் இருக்கும், 'ச' ஃபோல்டர் இருக்கும், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றின் இடது மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. அளவைப் பார்த்தால் ஒன்று, இரண்டு கேபி. ஆறாயிரம் சொற்கள் இரண்டு கேபியில் அடங்குமா? அப்பாவுக்குக் கணினி பெரிதாகத் தெரியாது, ஆனால் அந்த அம்புக்குறியைத் தெரியும். ஒற்று மிகுந்திருப்பதைக் கண்டுபிடிக்கிற கண் அல்லவா.

எனக்கும் கணினி பெரிதாகத் தெரியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். வீட்டில் முதலில் மடிக்கணினி வாங்கியவன் நான் என்பதால் குடும்பத்தின் கணினி வைத்தியன் பட்டம் எனக்கு வந்து சேர்ந்தது.

முதல் முறை வந்தபோது அப்பா உள்ளூர்க் கணினிக் கடைக்காரரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கறுப்புத் திரையில் அவர் ஏதோ ஒரு வரி தட்டினாராம், மறைந்த ஃபோல்டர்கள் எல்லாம் திரும்பி வந்தனவாம். பத்தே நாளில் அம்புக்குறிகளும் திரும்பி வந்தன. இரண்டாவது முறை நானே போனேன். ஒரு ஆன்டிவைரஸை நிறுவி ஓடவிட்டேன். இருநூற்றுச் சொச்சம் கோப்புகளைச் சிவப்பில் காட்டியது. அத்தனையையும் அழித்துவிட்டு, வெற்றிக் களிப்பில் ரயிலேறினேன். அடுத்த வாரமே வந்துவிட்டது. மூன்றாவது முறை கடைக்காரர் "ஃபார்மட் அடித்துவிடலாம் சார்" என்றார். எழுநூறு ரூபாய். நம் ஊரில் காய்ச்சலுக்கு ஊசி எப்படியோ, கணினிக்கு ஃபார்மட் அப்படி. அதற்கு மேல் மருத்துவம் இல்லை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஃபார்மட் அடித்த அன்று சாயங்காலமே அம்புக்குறி நின்றது.

இந்த மூன்றாவதுதான் என்னை உறுத்தியது. கணக்கில் ஒரு பிழை ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் அதே தொகைக்கு வந்தால், அதைத் திருத்திக்கொண்டே இருப்பவன் நல்ல கணக்கன் இல்லை. யாரோ எங்கேயோ ஒரு பதிவை மாதாமாதம் போடுகிறார்கள். அந்தக் கையைப் பிடிக்க வேண்டும். நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

முதல் நாள் எதையும் அழிப்பதில்லை, பார்ப்பது மட்டும்தான் என்று முடிவு செய்திருந்தேன். சென்னையிலிருந்து ஒரு பழைய பென் டிரைவைத் துடைத்து எடுத்துவந்திருந்தேன். அதில் ஒரே ஒரு ஃபோல்டர். அதற்குள் அம்மாவின் படம் ஒன்று. அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் பென் டிரைவைச் செருகினேன். ஃபோல்டர் தெரிந்தது. அப்பா எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு என்று அவர் சொன்னபோது ஃபோல்டர் ஒரு கணம் காணாமல் போய், அம்புக்குறியோடு திரும்பி வந்தது. அவ்வளவு அமைதியாக. ஒரு சத்தம் இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை. "கண் முன்னாலேயே செய்கிறதே!" என்றார் அப்பா. அவர் குரலில் கோபத்தைவிட வியப்புத்தான் அதிகம் இருந்தது.

அம்புக்குறி இருந்தால் அது ஃபோல்டர் அல்ல, வேறோர் இடத்தைச் சுட்டுகிற ஷார்ட்கட். அந்தப் படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தி, பண்புகளைத் திறந்து, அது எதைச் சுட்டுகிறது என்ற கட்டத்தைப் பார்த்தேன். ஒரு ஃபோல்டரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீண்ட கட்டளை இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வேலைகள்: இந்த ஸ்கிரிப்டை (கட்டளைகளை எழுதிவைத்த சின்ன நிரலை) ஓட்டு, உண்மையான ஃபோல்டரைத் திற, மூடிக்கொண்டு போ. இதில் இரண்டாவது வேலைதான் கெட்டிக்காரத்தனம். 'க'வை இரட்டைச் சொடுக்குச் சொடுக்கினால் 'க' திறக்கிறது. உள்ளே எல்லாக் கோப்புகளும் பத்திரமாக இருக்கின்றன. பிறகு எதற்குச் சந்தேகம்? உண்மையான ஃபோல்டர் அழிக்கப்படவில்லை. மறைக்கப்பட்டது, சிஸ்டம் கோப்பு என்று முத்திரையும் குத்தப்பட்டது. விண்டோஸ் அப்படிப்பட்டவற்றை நம் கண்ணுக்குக் காட்டாது. கடைக்காரர் கறுப்புத் திரையில் தட்டிய வரி இந்த முத்திரையைக் கழற்றுகிற வரி. திருடனை விட்டுவிட்டு, திருட்டுப் பொருளை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

பென் டிரைவுக்கும் வைரஸுக்கும் உள்ள உறவு பழையது, ஆனால் ஒரே மாதிரியானது அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பென் டிரைவைச் செருகினாலே போதும். அதிலுள்ள ஒரு சின்னக் கோப்பைப் பார்த்து விண்டோஸே நிரலை ஓட்டிவிடும். 2008 நவம்பரில் கிளம்பி உலகத்தையே கலக்கிய கான்ஃபிக்கர் என்ற, தானே பரவுகிற புழு, சில வாரங்களில் அந்த வழியையும் கற்றுக்கொண்டது. 2009இல் வந்த விண்டோஸ் 7 இந்தக் கதவை மூடியது. பழைய விண்டோஸ்களுக்கு 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் அனுப்பியது. கதவு தானாகத் திறக்காது என்று ஆன பிறகு, வீட்டுக்காரரையே திறக்க வைப்பதுதானே வழி? அதற்கு வந்தவைதான் இந்த அம்புக்குறிகள். சொந்தப் பொருளைத்தான் திறக்கிறோம் என்று நினைத்து நாமே ஓட்டிவிடுகிறோம்.

இரண்டாம் நாள் காலை வேலையைத் தொடங்கினேன். விண்டோஸ் தொடங்கும்போதே எவையெல்லாம் ஓட வேண்டும் என்று, ரெஜிஸ்ட்ரி என்ற அதன் அமைப்புப் பதிவேட்டில் ஒரு பட்டியல் உண்டு. அதில் புரியாத பெயரில் ஒரு வரி இருந்தது, அழித்தேன். பக்கத்தைப் புதுப்பித்தால் வரி அங்கேயே இருந்தது. சரியாக அழிக்கவில்லை போலும் என்று மறுபடி அழித்தேன். மறுபடி இருந்தது. மூன்றாவது முறை அழித்துவிட்டு அப்பாவை அழைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கோரையை மேலாகப் பிடுங்கினால் நாலாம் நாள் நிமிர்ந்து நிற்கும். கிழங்கு எங்கேயிருக்கிறது என்று பார்" என்றார். அவருடைய 'க' ஃபோல்டரில் கோரைக்குத் தனிப் பக்கமே இருக்கிறது.

கிழங்கு நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டபிள்யூஸ்கிரிப்ட் என்று ஒரு பெயர். அது வைரஸ் இல்லை. விண்டோஸுக்குச் சொந்தமான, ஸ்கிரிப்டுகளை ஓட்டிக் கொடுக்கிற நிரல். அதன் தோளில்தான் இது உட்கார்ந்திருந்தது. சில வினாடிகளுக்கு ஒருமுறை எழுந்து, ரெஜிஸ்ட்ரியில் என் வரி இருக்கிறதா, தொடக்க ஃபோல்டரில் என் நகல் இருக்கிறதா, புதிதாகப் பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா என்று ஒரு சுற்று பார்க்கும், இல்லாததை எழுதும். நான் அழிக்க அழிக்க அது எழுதியதன் ரகசியம் இதுதான். முதலில் ஓடுவதை நிறுத்த வேண்டும், பிறகு நகல்களை அழிக்க வேண்டும், கடைசியில்தான் ரெஜிஸ்ட்ரி. வரிசை மாறினால் வேலை பாழ்.

நிறுத்தினேன். அழித்தேன். ரெஜிஸ்ட்ரி வரி போனது, திரும்பவில்லை. அப்பா காபி கொண்டுவரச் சொன்னார். காபி குடித்து, பேசி, சாப்பிட்டு வந்து பார்த்தால் டபிள்யூஸ்கிரிப்ட் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆட்டோரன்ஸ் என்ற நிரலை இறக்கினேன். மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் எழுதியது. 2006இல் அவர்களுடைய நிறுவனத்தையே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. இலவசம். விண்டோஸில் ஒன்று தானாக எழுந்து ஓட எத்தனை வழிகள் உண்டோ அத்தனையையும் ஒரே பட்டியலில் விரிக்கும். முதன்முதலில் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்டவற்றை மறைக்கும்படி ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டவுடன் நூற்றுக்கணக்கான வரிகள் இருபதாகச் சுருங்கின. குறித்த நேரத்தில் நிரல்களை எழுப்புகிற டாஸ்க் ஷெட்யூலர் பகுதியில் ஏதோ அப்டேட் என்று நல்ல பிள்ளைபோல ஒரு பெயர். மணிக்கு ஒருமுறை எழுந்து, ஒளித்துவைத்த மூன்றாவது நகலிலிருந்து ஸ்கிரிப்டை ஓட்டும் வேலை. எங்கள் சாப்பாட்டு நேரத்தில் அது தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

எல்லாம் சரி. விண்டோஸோடு வருகிற ஆன்டிவைரஸான டிஃபெண்டர் இத்தனை நாள் என்ன செய்தது? அதன் அமைப்புகளுக்குள் போய்க் கடைசி வரை இறங்கிப் பார்த்தேன். 'இவற்றைச் சோதிக்க வேண்டாம்' என்று ஒரு பட்டியல் அங்கே உண்டு. யாரும் போகாத மூலை அது. அதில் ஒரே வரி: சி டிரைவ். முழு டிரைவும். காவல்காரனை வேலைக்கு வைத்து, வீட்டுக்குள் மட்டும் பார்க்காதே என்று சொன்ன கதை.

கடைக்காரருக்குத் தொலைபேசினேன். அவர் மறைக்கவில்லை. "சார், ஆக்டிவேட்டர் போட்டால் டிஃபெண்டர் அதை அழித்துவிடும். அதனால் விலக்குப் போட்டுவிட்டுத்தான் நிறுவுவோம். எல்லோருக்கும் அப்படித்தான்." உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோல நடிக்க வைக்கிற அந்த நிரலுக்காகக் கதவைத் திறந்து வைத்தார்; திறந்த கதவில் யார் வேண்டுமானாலும் வரலாமே. அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. உரிமத்தின் விலையைச் சொன்னால் எழுந்து போய்விடுகிற வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு அவர் கடை நடத்துகிறார். அப்படி எழுந்து போனவர்களில் ஒருவர் என் பின்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

விலக்கை நீக்கியவுடன் டிஃபெண்டருக்குப் பார்வை வந்தது. ஒளிந்திருந்த மூன்றாவது நகலைப் பார்த்த நொடியே பெயர் சொன்னது: ஜென்க்ஸ்கஸ், விபிஎஸ் என்ற மொழியில் எழுதிய புழு. பெயர் தெரிந்தால் ஊர் தெரியும். 2014 ஜூனில் மைக்ரோசாஃப்ட் இதற்காக அமெரிக்க நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. குவைத்திலும் அல்ஜீரியாவிலும் இருந்த இருவர் இதையும் இதன் பங்காளிப் புழு ஒன்றையும் எழுதிப் பரப்பினார்கள் என்று வழக்கு. புழு தன் எசமானனைத் தொடர்புகொள்ளப் பயன்படுத்திய இணைய முகவரிகளை நீதிமன்ற ஆணையோடு கைப்பற்றினார்கள். அந்த முகவரிகளைத் தந்துவந்த நிறுவனத்தின் ஒன்றுமறியாத வாடிக்கையாளர்கள் பலருக்கும் சில நாள் சேவை முடங்கி, அது தனி வம்பானது. இதையெல்லாம் அப்பாவுக்குச் சொன்னேன். "எட்டு ஆண்டாக இது தானாகவா அலைகிறது?" என்று கேட்டார். தானாகத்தான். ஸ்கிரிப்டை நோட்பேடில் திறந்து பார்த்தேன். பெரும்பகுதி குழப்பி எழுதிய எழுத்துக் குவியல். எழுதியவன் இருக்கிறானா, வழக்கில் மாட்டினானா என்ற கவலையெல்லாம் அதற்கு இல்லை. பென் டிரைவும் அதைத் திறக்கிற விரலும் இருந்தால் போதும்.

விபிஎஸ் என்கிற இந்த மொழி 1996இல் வந்தது. 2000 மே மாதத்தில் 'ஐ லவ் யூ' என்று மின்னஞ்சலில் வந்து உலகை அலறவைத்ததும் இதே மொழியில் எழுதியதுதான். காதல் கடிதம் ஒரு சாதாரண உரைக் கோப்பு போலத் தெரிந்ததற்குக் காரணம், கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை விண்டோஸ் மறைத்து வைப்பது. இன்று வரை அது மறைத்துத்தான் வைக்கிறது. புதுக் கணினி வாங்கினால் நான் முதலில் மாற்றுவது இந்த ஒன்றைத்தான். மைக்ரோசாஃப்டே இந்த மொழியைக் கைகழுவுவதாக 2023 அக்டோபரில் அறிவித்தது. என் கதை நடந்து ஓராண்டு கழித்து.

இனி அந்தக் கணினியை நம்புவதா என்ற கேள்வி வந்தது. மூன்று நகல் கண்டுபிடித்தேன் என்றால் மூன்றுதான் என்று யார் சொன்னது? மறுபடி ஃபார்மட் என்றுதான் முடிவு செய்தேன். ஆனால் முந்தைய ஃபார்மட் ஏன் தோற்றது என்று தெரிந்துகொண்ட பிறகு.

அப்பாவை உட்கார வைத்து அன்றைக்கு நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். கடைக்குக் கொண்டுபோகும் முன் எல்லா ஃபோல்டர்களையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார். நல்ல பழக்கம்தான், ஆனால் ஏற்றியது புழு ஓடிக்கொண்டிருந்த கணினியிலிருந்து. கடையில் சி டிரைவைத் துடைத்துப் புதிய விண்டோஸ் போட்டார்கள். வீட்டுக்கு வந்து அப்பா முதலில் செய்த காரியம், சொற்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பென் டிரைவைச் செருகி 'அ'வைத் திறந்து பார்த்தது. அதில் அம்புக்குறி இருந்ததா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இருந்திருக்கும். புதிதாக்கிய கணினிதானே, இனி என்ன ஆகும் என்று நினைத்தேன்" என்றார். அவ்வளவுதான் விஷயம். திரும்பி வந்தது அது அல்ல. நாங்கள்தான் அதைப் பத்திரப்படுத்தி, ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் குடிவைத்திருக்கிறோம்.

டி டிரைவ் கதை வேறு. நம் வீடுகளில் ஃபார்மட் என்றால் சி மட்டும்தான். டி என்பது பரண். பாட்டுகள், கல்யாணப் படங்கள், என்றைக்காவது தேவைப்படும் என்று சேர்த்த நிரல்களின் மூட்டை. அப்பாவின் பரணில் பதினொரு நிரல்கள் இருந்தன. 2001இல் கடைசிப் பதிப்பு வந்து நின்றுபோன, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர்கூட இருந்தது, அதைத் திறக்க ஒரு கள்ளச் சாவியோடு. தமிழ் டிடிபி உலகம் அந்தப் பேஜ்மேக்கரை விட்டபாடில்லை என்பது தனிக் கட்டுரைக்கான சங்கதி. நிரல் கோப்புகளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிற சாலிட்டி போன்ற வைரஸ்களுக்கு இந்தப் பரண்தான் வசதியான இடம். சியை எத்தனை முறை துடைத்தாலும், டியிலிருந்து ஒன்றை நிறுவினால் கதை முதலிலிருந்து தொடங்கும். டிஃபெண்டரை விட்டுப் பரணைச் சோதித்ததில் மூன்று கள்ளச் சாவிகள் சிவப்பில் வந்தன. மற்றவற்றையும் சேர்த்து அழித்தேன். "பேஜ்மேக்கருமா?" என்று அப்பா கேட்டார். அதில் அவர் ஒரு பக்கம்கூடச் செய்ததில்லை.

சொற்களை வெளியே எடுக்க, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் கை கொடுத்தது. என் மடிக்கணினியில் அதைப் பென் டிரைவில் ஏற்றி, அப்பாவின் கணினியை அதிலிருந்தே கிளப்பினேன். விண்டோஸ் உறங்கிக் கிடக்க, வேறொரு அமைப்பு வழியாக அதே தட்டைப் பார்ப்பது. அப்பாவின் பென் டிரைவைச் செருகினேன். மறைத்த முத்திரையை லினக்ஸ் சட்டை செய்வதில்லை. திரையில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக வந்தன: 'க' என்ற உண்மை ஃபோல்டர், அதை ஒட்டி 'க' என்ற போலி, 'ச', ஒரு போலி 'ச', கடைசியில் வெட்கமில்லாமல் அந்த ஸ்கிரிப்ட். "மேக்கப் கலைந்த பிறகு கூத்துக் கொட்டகைக்குப் பின்னால் பார்ப்பது போல இருக்கிறது" என்றார் அப்பா. ஆவணக் கோப்புகளையும் படங்களையும் மட்டும் எடுத்து வேறு தட்டில் வைத்தோம்.

அடுத்து, வீட்டில் மொத்தம் எத்தனை பென் டிரைவ் என்ற கேள்வி. ஒன்று என்றார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். சாமி அலமாரியிலிருந்து ஒன்று வந்தது. தங்கை கல்யாண வீடியோ. தையல் பெட்டியிலிருந்து ஒன்று. அப்பாவின் பழைய பள்ளியில் விழா மலருக்காகக் கொடுத்தது ஒன்று. மேசை இழுப்பறையில், வாய் மூடி இல்லாமல், யாருடையது என்று இன்றுவரை தெரியாத ஒன்று. ஐந்தில் நான்கில் அம்புக்குறி. மூன்றாம் நாள் முழுவதும் இந்த ஐந்தையும் லினக்ஸில் திறந்து, எடுக்க வேண்டியதை எடுத்து, துடைத்து, அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். அவர் அவற்றைப் பழைய இடங்களிலேயே கொண்டுபோய் வைத்தார்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேராக இறக்கிய விண்டோஸை, என் மடிக்கணினியில் தயார்செய்த 8 ஜிபி பென் டிரைவிலிருந்து நிறுவினேன். உரிமத்துக்குப் பணம் கட்டினேன். தொகையை அப்பாவிடம் பாதியாகச் சொன்னேன். கணக்கனின் வாழ்க்கையில் எழுதிய ஒரே பொய்க் கணக்கு. ஸ்கிரிப்டுகளை ஓட்டிக் கொடுக்கிற விண்டோஸ் வசதியை ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி எழுதி முடக்கினேன்; அப்பாவுக்கு அது எதற்கும் தேவைப்படாது. மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை என் கைபேசியிலிருந்து மாற்றினோம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தப் புழு படம் காட்டுவதற்காக மட்டும் வருவதில்லை. தொலைவிலிருந்து கட்டளை வாங்கிக் கணினியிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துத் தரவும் எழுதப்பட்டது. மூன்று மாதம் அது ஓடிய கணினியில்தான் அப்பா தன் ஓய்வூதியக் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கியிருந்தது ஜெராக்ஸ் கடை.

நான்காம் நாள் காலை துடைத்த பென் டிரைவோடு போனேன். கடைக்காரரின் மகன்தான் இருந்தான்; ஒரு கையால் ஆதார் அட்டைகளை லேமினேட் செய்துகொண்டே மறுகையால் என் பென் டிரைவை வாங்கிச் செருகினான். மனத்துக்குள் எண்ணினேன். ஐந்தில் வந்துவிட்டது. கணினித் திரை முழுவதும் ஊராரின் ஆதாரும் மதிப்பெண் பட்டியலும் பட்டாவும் சிதறிக் கிடந்தன. பிரின்ட் எடுத்தவர்கள் போய்விட்டார்கள். கோப்புகள் அங்கேயே குடியிருக்கின்றன. எனக்கு வைரஸைவிட அதுதான் பயமாக இருந்தது.

தனிப்பட்ட கணினிகளுக்கான முதல் வைரஸ் என்று சொல்லப்படுகிற பிரெய்ன், 1986இல் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பிகள் எழுதியது. கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். அது ஃப்ளாப்பியில் ஏறி நாடு நாடாகப் போனது. இணையம் வருவதற்கு வெகு முன்பே, கடையும் வாடிக்கையாளரும் கைமாற்றும் தட்டுகளும்தான் வைரஸின் சாலை. பள்ளி, கல்யாண ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடை என்று ஊருக்குள் அந்தச் சாலை இன்னும் அப்படியே இருக்கிறது.

பிற்பகல் கடை மூடியிருக்கும் நேரத்தில் அந்தப் பையனின் தகப்பனார் எனக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தார். விண்டோஸ் 7, அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு கைவிரித்துவிட்டது. நிறுத்தினேன், நகல்களை அழித்தேன், ஸ்கிரிப்ட் வசதியை முடக்கினேன். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017இலிருந்து இலவசமாகச் சுத்தம் செய்யும் கருவிகள் தருவதையும், பென் டிரைவைக் கட்டுப்படுத்த யூஎஸ்பி பிரதிரோத் என்று ஒன்று இருப்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "தம்பி, ஒரு நாளைக்கு நூறு பேர் பென் டிரைவோடு வருகிறார்கள். யாரைத் திருப்பி அனுப்புவது?" என்றார். பதில் இல்லை. அப்பாவின் கோப்புகளை மட்டும் இனி மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். அவருடைய முகவரியைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை தொலைபேசி. நலம் விசாரிப்பு இல்லை, மழை இல்லை. "வந்துவிட்டதப்பா."

எனக்கு வயிறு கலங்கியது. பென் டிரைவ் ஏதாவது செருகினீர்களா என்றேன். இல்லை என்றார். எத்தனை ஃபோல்டரில்? ஒன்றில்தான், டெஸ்க்டாப்பில், 'ந'. மற்றவை? மற்றவை சரியாக இருக்கின்றன. 'ந'வும் உள்ளே சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளியே அம்புக்குறி. வலது பொத்தானை அழுத்திப் பண்புகளைத் திறந்து அந்தக் கட்டத்தில் இருப்பதை அப்படியே வாசியுங்கள் என்றேன். வகுப்பில் செய்யுள் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். டி, ஒரு முக்காற்புள்ளி, சாய்கோடு, சொற்கள், மறுபடி சாய்கோடு, ந. முடிந்துவிட்டது. பின்னால் ஒன்றும் இல்லை. ஸ்கிரிப்ட் இல்லை, கட்டளை இல்லை.

"நேற்று 'ந'வில் ஏதாவது செய்தீர்களா?"

நாற்றங்கால் தொடர்பான சொற்களைத்தான் இந்த வாரம் பார்ப்பதாகவும், அடிக்கடி உள்ளே போய்த் தேட வேண்டியிருந்ததால் டெஸ்க்டாப்புக்கு அனுப்பு என்று ஏதோ ஒன்று இருந்ததே, அதை அழுத்தியதாகவும் சொன்னார்.

"அது நீங்களே செய்த ஷார்ட்கட், அப்பா."

சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அப்படியென்றால் இருக்கட்டுமா, அழித்துவிடட்டுமா?" என்றார்.